மூன்றாம் எண் குவளை

பீரை மிகவும் குளிரவைத்துக் குடிக்கக் கூடாது. குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும். பிறகு நல்லதும் கெட்டதும் ஒன்றாகத்தான் தெரியும். என் வீட்டிலிருந்து எடுத்துவந்த பதினொரு பாட்டில்களில் ஒன்றை உங்கள் ஆட்கள் திறக்கப்போகிறார்கள் என்றால், பானைத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் போதும்.

அனுமதி இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சினேனா என்று கேட்டீர்கள். காய்ச்சினேன். 1983 முதல் காய்ச்சுகிறேன். அதற்குக் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் முடிச்சூர் சாலையில் நடந்ததை இந்தத் தாளில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் சரியில்லை. தவறு உள்ள தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால்தான் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

என் வேலை சுவைப்பது. ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள பீர் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடம் அதைத்தான் செய்தேன். காலை பத்து மணிக்கு, வெறும் வயிற்றில், ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் இரண்டு வாய். சுவைப்பது என்றால் ரசிப்பது என்று நினைப்பார்கள். இல்லை. குறை தேடுவது. வெண்ணெய் வாடை ஒரு குறை. நனைந்த அட்டையின் வாடை ஒரு குறை. வெந்த சோளம், புளிப்பு, துரு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. மொத்தம் பூஜ்யத்திலிருந்து பத்து வரை. பூஜ்யம் வாங்கிய பீர் லாரி ஏறும். ஐந்தைத் தாண்டினால் சாக்கடை.

அப்படி லாரி ஏறிய பீரில் குறை ஒன்றும் இருக்காது. வேறு எதுவும் இருக்காது. அதனால்தான் சேலையூரில் என் வீட்டின் பின்னறையில் சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினேன். முளைகட்டிய பார்லியை இரும்புச் சட்டியில் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வறுப்பேன். கொஞ்சம் கருப்பட்டி. தொழிற்சாலையில் வீணாகப் போகும் ஈஸ்ட். பத்து வாரம் கழித்துக் கறுப்பாக ஒரு பீர் கிடைக்கும்.

லாசரஸை அந்த வருடம்தான் சந்தித்தேன். தாம்பரம் ஸ்டேஷனில், கடற்கரை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவன் என் சட்டையை மோந்து பார்ப்பதுபோல் சாய்ந்தான்.

"சார் பேக்கரில வேலையா?"

"பீர் ஃபேக்டரி."

"அப்ப இன்னும் விசேஷம்" என்றான்.

அவன் வரலாற்று வாத்தியார். பழைய பல்லாவரத்தில் பிறந்தவன். முடிச்சூர் சாலையில் வீடு. மனைவி ஞானசௌந்தரி. பிள்ளைகள் இல்லை. எனக்குக் குடும்பமே இல்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான்கு பாட்டில் கறுப்பு பீர் கொண்டுபோனேன். பிறகு ஒன்பது வருடம் அதுவே வழக்கம். இருபத்து மூன்றாம் தேதி பாட்டில்களைக் கொடுத்துவிட்டு வருவேன். அசைந்த பாட்டில் இரண்டு நாள் நின்றால்தான் வண்டல் அடியில் படியும். இருபத்தைந்தாம் தேதி போய்ச் சாப்பிடுவேன்.

நான் சைவம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மேசையில் இருந்த மிளகுக் கறியையும் பன்றி வறுவலையும் நான் வாயில் வைத்ததில்லை. அந்தக் கறிக்காகத்தான் பீர் காய்ச்சினேன். அது கறியோடு எப்படிச் சேர்கிறது என்று லாசரஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நன்றாகச் சொல்வான். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் அந்த வாய் கிடையாது. "கொழுப்பு நாக்குல ஒட்டிக்கினு கீதுல்ல, இது ஒரு மொடக்கு உள்ள போனா அத்த அலம்பி வுட்டுது. மொளகு மட்டும் தனியா நின்னுகினு கீது, டூட்டி போலீஸ் மாதிரி" என்பான். கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல்லின் மேல் பூசிய சர்க்கரை திகட்டும்போது அந்தக் கசப்பு கைகொடுக்கிறது என்பான். பிளம் கேக்குக்கு மட்டும் ஒத்துவரவில்லை என்றான்.

"ரெண்டும் மாமியா மருமவ கணக்கா சண்டை போடுதுடா சாம்பு."

"எங்க மாமியாவ ஏன் இழுக்குறீங்க?" என்றாள் ஞானசௌந்தரி. "உங்க அம்மா தானே அது."

அடுத்த வருடம் கருப்பட்டியைக் குறைத்தேன். சண்டை நின்றுவிட்டது என்றான். இப்படி ஒவ்வொரு வருடமும் அவன் சொன்னதைக் கேட்டு ஒன்றைக் கூட்டினேன், ஒன்றைக் குறைத்தேன். அந்த பீரின் பாதி அவன் நாக்கில் உருவானது. நான் ருசி பார்க்காத விருந்துக்கு, இன்னொருவன் சொல்லை நம்பி, ஒன்பது வருடம். நம்பிக்கை என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

1992 நவம்பரில் தொழிற்சாலை ஒரு புது பீர் கொண்டுவர நினைத்தது. கிறிஸ்துமஸ், புது வருடம், பொங்கல் வரை விற்க. ஆய்வுக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் மாதிரி கொடுக்கலாம் என்றார் மேலாளர் பக்தவச்சலம். என் கறுப்பு பீரைக் கொடுத்தேன். தேர்வானால் அது என் கணக்கில் வரும், பெரிய தொட்டியில் என் கையால் காய்ச்சுவேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது. அதைத் தவிர நான் எதையும் ஆசைப்பட்டதில்லை.

சுவைக்க எட்டுப் பேர். நான்கு பேர் உள்ளே இருந்து, நான்கு பேர் வெளியே இருந்து. மாதிரி கொடுத்தவர்கள் சேர முடியாது. வெளியாட்களில் ஒருவராக லாசரஸின் பெயரை நான்தான் கொடுத்தேன், தெரிந்த ஒரு வாத்தியார் என்று. அவனிடம் ஒன்றை மட்டும் சொல்லிவைத்தேன்: நமக்குள் பழக்கம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. உன் பேச்சு உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வாயைத் திறக்காதே, தாளில் எதையும் எழுதாதே, எண்ணை மட்டும் போடு.

"சரிடா. பரிச்ச ஹால் மாதிரி உக்காந்துக்கறேன்" என்றான்.

மூன்று குவளைகள். ஒன்றும் இரண்டும் தொழிற்சாலையின் வழக்கமான பீர், கொஞ்சம் நிறம் சேர்த்தது. மூன்று என்னுடையது. தாளில் குவளை எண், அதற்கு நேராக ஒரு கட்டம், கட்டத்தின் மேல் 0 – 10. அவ்வளவுதான். எப்படி எண் போடுவது என்று பக்தவச்சலம் பத்து மணிக்கு எல்லாருக்கும் விளக்கினார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் லாசரஸ் பத்து இருபதுக்குத்தான் வந்தான்.

மறுநாள் பக்தவச்சலம் என்னைக் கூப்பிட்டார். சராசரி மூன்றுக்குக் கீழே இருந்தால்தான் எடுப்பார்கள். மூன்றாம் குவளைக்கு ஏழு பேர் போட்டதைக் கூட்டினால் பதினைந்து. எட்டாவது தாளில் ஒன்பது. சராசரி சரியாக மூன்று.

"நீங்க சொன்ன வாத்தியார்தான் சார்" என்றார். "ஒன்பது குறை. வாயில வைக்க முடியலபோல. மத்த ரெண்டுக்கும் ரெண்டு, மூணுதான் போட்டிருக்கார். நாக்கு உள்ள ஆளுதான்."

தாளை வாங்கிப் பார்த்தேன். அவன் கையெழுத்து. ஒன்பதின் வாலைச் சுழித்திருந்தான்.

நான் கோபக்காரன் அல்ல. அன்று மாலை வரை வேலை செய்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் பீர் என்று தெரியாமல் போட்டிருப்பானா? ஒன்பது வருடம் குடித்தவனுக்குத் தெரியாமல் போகாது. தெரிந்து போட்டான் என்றால், அந்த மேசையில் அவன் சொன்னதெல்லாம் பொய். கொழுப்பு, மிளகு, சண்டை நின்றது, எல்லாம். தனியாக இருப்பவன் மனம் நோகக் கூடாது என்று புருஷனும் மனைவியும் சேர்ந்து என் சாக்கடையைக் குடித்திருக்கிறார்கள். நான் போன பிறகு சிரித்திருப்பார்கள். தொழிற்சாலை பீரைப் பாத்திரம் கழுவின தண்ணீர் என்று சொன்னவன், அதற்கு இரண்டும் மூன்றும்தான் போட்டான். அந்த முரண்பாட்டை அன்றே கவனித்தேன். என்னைக் கேவலப்படுத்த அப்படிச் செய்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து சேலையூருக்கு வந்தான். "இன்னாடா ஆச்சு?"

"எடுக்கல."

"அவனுங்களுக்கு நாக்கு செத்துப்பூட்ச்சு, வுடு" என்றான்.

முகம் மாறாமல் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கும் நான்கு பாட்டில் நிரப்பினேன். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவாக்கும். அதுதான் நுரை. அளவு கூடினால் பாட்டில் தாங்காது. காய்ச்சத் தொடங்கும் எல்லாரும் ஒருமுறை இந்தத் தவற்றைச் செய்வார்கள். நான் தவறு செய்யவில்லை. அளந்துதான் போட்டேன். பாட்டில்களையும் தேர்ந்தெடுத்தேன். அடி மெலிந்துபோனதால் தொழிற்சாலை ஒதுக்கிவைத்தவை.

லாசரஸ் பாட்டிலைத் திறக்கும் முறை எனக்குத் தெரியும். வண்டல் படிந்திருக்கிறதா என்று முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நான் கற்றுக்கொடுத்தது. அவனுக்குக் கிட்டப்பார்வை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பாட்டிலை மூக்குக்கு அருகில் தூக்கிப் பிடித்து, மெல்லத் திருப்புவான்.

இருபத்து மூன்றாம் தேதி மாலை ஐந்தரைக்கு முடிச்சூர் சாலைக்குப் போனேன். வாசலில் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தான். பாட்டில்களை மேசையில் வைத்தேன். ஞானசௌந்தரி கல்கல் பொரித்துக்கொண்டிருந்தாள். காப்பி கொடுத்தாள்.

"உன்னாண்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றான் லாசரஸ். "நீ வருத்தத்துல இருந்த, அதான் கம்முனு இருந்தேன். மூணாம் நம்பர் உன்னுதுன்னு மோந்தவொடனே தெரிஞ்சிடுச்சு. பத்து போடத்தான் கை போச்சு. முழு மார்க் போட்டா மாமன் மச்சான்னு கண்டுக்குவானுங்கன்னு ஒண்ணு கொறச்சி ஒம்போது போட்டேன். அந்த ரெண்டு தண்ணிக்கும் ஃபெயில் மார்க்."

"அண்ணா, இருபது வருஷ சர்வீஸ்ல எந்தப் பையனுக்கும் இவரு பத்துக்கு ஒம்போது போட்டதில்ல" என்றாள் ஞானசௌந்தரி சமையலறையிலிருந்து. "நீங்க தான் கிளாஸ் ஃபர்ஸ்ட்டு."

அவன் வாத்தியார். எண் பெரிதானால் நல்லது என்பது அவன் பழக்கம். நான் குறை எண்ணுகிறவன். இதில் விளக்க ஒன்றும் இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. காப்பியில் சர்க்கரை கொஞ்சம் குறைவாக இருந்ததும் நினைவிருக்கிறது.

பாட்டில்கள் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். பீர் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். ஆனால் பதினெட்டு வருடத்தில் கெட்ட பீரை நான் யாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. அதை அவர்கள் எதிரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"குளிர்ச்சியான எடத்துல வைம்மா" என்றேன்.

"சரிண்ணா" என்று சொல்லி, அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் நான்கையும் வரிசையாக வைத்தாள். கீழே எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பொட்டலம் கல்கல் கொடுத்தார்கள். பஸ் ஏறினேன்.

இருபத்து நான்காம் தேதி முழுவதும் இருந்தது. அவர்கள் தெருமுனை மளிகைக் கடையில் டெலிபோன் உண்டு. எண் எனக்கு மனப்பாடம். இருபத்தைந்தாம் தேதி, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். கோயிலிலிருந்து வந்து, மேசையில் கறியை வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு லாசரஸ் முதல் பாட்டிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். வலது கண் அங்கேயே போயிற்று. இடது கண்ணுக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். இப்போது அதில் பகலா இரவா என்பது மட்டும் தெரிகிறது. பாட்டில் தானாக வெடிக்கவில்லை, பீர் கெட்டுப்போகவில்லை, அடுப்புச் சூடும் காரணமில்லை. நான் செய்தேன். தெரிந்து செய்தேன். காரணம் பொய் என்று தெரிந்த பிறகும் அப்படியே விட்டேன். விபத்து என்ற சொல்லை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர்களுக்குத் தெரியாது. அடுப்புக்கு மேலே வைத்தது தன் தப்பு என்று ஞானசௌந்தரி இன்றுவரை அழுகிறாள். நான் ஆறுதல் சொல்கிறேன். வாரம்தோறும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அவனுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது நான்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடப்பான். உன்னை மாதிரி ஒருத்தன் எவனுக்குக் கிடைப்பான் என்பான்.

நானும் அவனைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அவன் பக்கத்தில் இருந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், என் பீர் தேர்வாகியிருக்கும். இத்தனை நடந்தும், அதற்காக அவன் இதுவரை என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை.