மாடித் தொட்டிக் கெண்டை

எனக்குக் கீரை பிடிக்கும். கீரைமேல் இவனுக்கு என்ன பகையோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாடிவீட்டு வில்பிரட் மஸ்கட் வேலையை விட்டு வந்து மொட்டைமாடியில் தோட்டம் போட்டான். மண் கிடையாது. கீழே தொட்டியில் ஜிலேபி கெண்டை, மேலே ஜல்லி நிரப்பிய பெட்டிகளில் கீரை. மீன் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் ஏற்றிவிடும், செடிக்கு அதுதான் உரம்.

"இது வெளையலைன்னா மறுபடியும் மஸ்கட்டுதான் அண்ணாச்சி" என்றான். மனசு கேட்காமல் தினமும் போய்ப் பார்த்தேன்.

நான் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவன். கண்மாய் மீன் தின்கிற வீடு என்று, தங்கைக்கு விளாத்திகுளத்திலிருந்து வந்த நல்ல வரனையே தட்டிக்கழித்த, கடல்மீன் மட்டுமே தின்கிற குடும்பம் எங்களுடையது. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தன, நாட்டுப்படகு மீன் யானை விலை விற்றது.

முதல் கெண்டை சோர்ந்து தெரிந்தது. நோய் பரவக் கூடாதே என்று எடுத்தேன். எடுத்ததை வீசுவது பாவம். புளியைத் தூக்கலாக விட்டதில் குழம்பு நன்றாகவே இருந்தது. அதன்பின் சோர்ந்த மீன்கள் நிறையக் கண்ணில் பட்டன. துள்ளுவதும் ஒருவகைச் சோர்வுதான்.

கீரை வெளிறி மஞ்சளித்தது. மீன் குறைவதைக் கண்ட வில்பிரட்டின் மனைவி ஜெயபிரியா என்மேல் சந்தேகப்பட்டாள். அவன் சிரித்தது படிக்கட்டு வரை கேட்டது.

"ஏளா, அண்ணாச்சி கெண்டயக் கையாலகூடத் தொட மாட்டாவ."

எனக்குப் பெருமையாக இருந்தது. பழி மாடியில் சுற்றும் தெருப் பூனைமேல் விழுந்தது. அதைச் சாக்கில் போட்டுத் தருவைகுளம் ஊர்வரை கொண்டுபோய் விட்டுவந்தோம். சாக்கின் வாயைப் பிடித்தவன் நான்.

தோட்டம் போயிற்று. விசா வந்ததும் வில்பிரட் மாடிச் சாவியை என்னிடம் தந்தான். "மிச்ச மீனைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஒங்களை விட்டா யாரை நம்ப?" என்று அழுதான். நானும் அழுதேன், உண்மையாகவே.

நேற்று அந்தப் பூனை திரும்பி வந்துவிட்டது. என் அடுக்களை வாசலில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது. அதனால்தான் சொல்கிறேன். அத்தனை கெண்டையையும் தின்றது நான்தான், பூனைக்கு முள்கூடப் போட்டதில்லை. என்றாலும் நான் குளத்து மீன் சாப்பிடுகிறவன் அல்ல. அது தடைக்காலத்துக் கொடுமை.

தடைக்காலம் முடிந்துவிட்டது. இன்று காலை ஏலத்தில் சீலா மீன் மலையாகக் குவிந்தது. நான் ஒன்றும் வாங்கவில்லை. மாடியில் கடைசி இரண்டும் மிகவும் சோர்ந்திருக்கின்றன.