கமலக்காவின் நடை

போலீஸ் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். என் தம்பி ஸ்ரீஹரி குடித்திருந்தால் இஞ்சி போதவில்லை என்பான். எந்த ஊரில் ஷூட்டிங் என்றாலும் எங்கள் அக்கா போடுகிற டீ மாதிரி கிடைப்பதில்லை என்று பேட்டிகளில் சொல்வான். பேட்டிகளில் அவன் சொன்னவற்றில் பாதி உண்மை.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நல்லது. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குத் தெலுங்கில்தான் பாட்டு சொல்லித் தருகிறேன், பேச வராமல் இல்லை. ஆனால் வீட்டு விஷயம் தமிழில்தான் வரும்.

என் பெயர் செங்கமலம். நகரிக்குப் பக்கத்து ஊர். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே செத்துப்போயிற்று. பாதம் தொங்கும். அதனால் முழங்காலை உயரத் தூக்கித்தான் அடி வைக்க வேண்டும். வைக்கும்போது பாதம் தட்டென்று தரையில் விழும். நான் உள்ளே வந்தபோது நீங்கள் முதலில் என் காலைத்தான் பார்த்தீர்கள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். தப்பில்லை. டிவி பார்க்கிற யாருக்கும் அந்தச் சிரிப்பு வந்துவிடுகிறது.

அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அப்பாவை நைனா என்போம், அவருக்குப் பகலெல்லாம் தறி. ஸ்ரீஹரியைக் குளிப்பாட்டியதும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனதும் நான்தான். வழியில் பையன்கள் என் பின்னால் நொண்டிக் காட்டிக்கொண்டு வருவார்கள். இவன் அவர்களிடம் சண்டைக்குப் போய் உதை வாங்குவான். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தான். எனக்கு நேர் பின்னால், என் கால் யார் கண்ணிலும் படாதபடி ஒட்டிக்கொண்டே நடப்பான். வருடக்கணக்கில் அப்படி நடந்தான். அந்த நடையை அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று டிவிக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். அங்கேதான் கற்றுக்கொண்டான்.

திருப்பதியில் காலேஜ் படிக்கும்போது மேடையில் மிமிக்ரி செய்தான். பிறகு ஹைதராபாத். பல வருடம் கூட்டத்தில் ஒருவனாக நின்றான். சீரியலில் வாயே திறக்காத கான்ஸ்டபிள், சினிமாவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் குடை பிடிக்கிறவன். முகம் தெரிகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம், நானும் நைனாவும். நைனா அவன் பெயர் வாங்கியதைப் பார்க்காமலே போய்விட்டார்.

பெயர் வாங்கியது காமெடி நிகழ்ச்சியில். புடவை கட்டி, கொண்டை வைத்து, முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தான். கதாபாத்திரத்தின் பெயர் கமலக்கா. ஊரில் எல்லோருக்கும் நான் செங்கமலம். கமலக்கா என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

முதல் தடவை வீடியோவை எனக்குத்தான் அனுப்பினான். அனுப்பிவிட்டு உடனே போன் செய்தான்.

“இன்னாக்கா, கோவமா?”

உன் பிழைப்புடா, நன்றாகச் செய் என்றேன். நானும் சிரித்தேன், மேடம். அதை மறைக்கவில்லை. அந்த நடையில் ஒரு சின்னத் தப்பு இருந்தது. அவன் பாதத்தை வேண்டுமென்றே அடித்தான். என் பாதம் தானாக விழுவது. அதைக்கூடச் சொல்லிக் கொடுக்கலாமா என்று நினைத்தேன்.

அதன் பிறகு தேவேந்திரன் வந்தார். சத்தியவேடு பக்கத்துக்காரர், தடாவில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். மனைவி இறந்து சில வருடம் ஆகியிருந்தது. அம்மாவோடு வந்து என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது நாற்பது ஆகப்போகிறது. கல்யாணப் பேச்சையே விட்டிருந்தோம். அவருக்குத் திருமலைக்கு நடந்தே ஏறுவதாக ஒரு வேண்டுதல் இருந்தது. உன்னால் வர முடியுமா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

“நீங்க முன்னாடி போய்க்கினே இருங்க. நான் மெதுவா வந்துகினே இருப்பேன். திரும்பி மட்டும் பாக்காதீங்க” என்றேன்.

அவர் சரி என்றார். ஒரு ஆணிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரே தடவைதான்.

சாயங்காலம் ஸ்ரீஹரிக்குப் போன் செய்து சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன்? நான் சொன்ன வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னேன். போனில் சத்தமே இல்லை. அழுகிறான் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டிருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் அந்த எபிசோடைப் பார்த்திருப்பீர்கள். கமலக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை முன்னால் நடக்கிறான், பின்னால் தட்டு தட்டென்று சத்தம், அவன் திரும்பப் போகும்போதெல்லாம் கமலக்கா தெலுங்கில் ‘வெனக்கி சூடொத்து’ என்கிறாள். திரும்பிப் பார்க்காதே. நடுவர்கள் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே மாதத்தில் ஆட்டோவின் முதுகிலெல்லாம் அந்த வார்த்தை. புத்தூரிலிருந்து பங்காருபாளையம் மாங்காய் லாரி வரைக்கும். அங்கன்வாடியில் பிள்ளைகள் வரிசையாக நடந்து காட்டி அதையே சொன்னார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? வாசலில் நின்ற தாய்மார்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

தேவேந்திரன் பேசவில்லை. அவருடைய அம்மாதான் போன் செய்தார். கம்பெனி கேட்டில் வேலையாட்கள் இவரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்கிறார்களாம், இவரால் தாங்க முடியவில்லையாம். கல்யாணத் தரகர் எங்களைப் பற்றி அங்கே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார், கமலக்காவாக நடிக்கிறவனின் அக்கா என்று. மனசில் வைத்துக்கொள்ளாதே அம்மா என்றார். நல்ல மனுஷி.

ஸ்ரீஹரியிடம் சொன்னேன். அவன் வருத்தப்பட்டான், நிஜமாகவே. ஆனால் அவன் சொன்னது இது.

“அது உன் டயலாக்குன்னு யாருக்குக்கா தெரியும்?”

அவருக்குத் தெரியுமே என்றேன். வேறு இடம் பார்க்கலாம் என்றான். அடுத்த வாரம் ஒரு பேட்டியில், அக்காவுக்குக் கல்யாணம் ஆகாமல் எனக்கு வேண்டாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். எழுந்து நின்று கை தட்டினார்கள்.

பிறகு கமலக்காவை வைத்தே ஒரு சினிமா. அவன்தான் ஹீரோ, அவன்தான் ஹீரோயின் மாதிரி. சந்திரகிரி பக்கம் ஷூட்டிங். படிக்கட்டில் ஏறும்போது புடவை தடுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. சினிமா கம்பெனிக்காரர்கள் பெரிய ஆஸ்பத்திரி என்றார்கள். இவன் புத்தூர் கட்டுதான் வேண்டும், எங்கள் அக்கா வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். புத்தூர் வைத்தியர் ரங்கையா கட்டினார். மூங்கில் பத்தை வைத்து, மருந்து பூசி, பதமாகக் கட்டினார். விரல் சில்லிட்டாலும் மரத்துப்போனாலும் உடனே கூட்டி வா என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் அவனுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தேன். கேட்டதைச் சமைத்தேன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மத்தியானம் டைரக்டரிடம் போனில் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். படத்தில் சம்பந்தம் கலைகிற காட்சியைப் பெரிதாக எடுக்கப்போகிறார்களாம்.

“அவங்க வேணாம்னு சொன்னப்ப நீ இன்னாக்கா பண்ண? அழுதியா, சும்மா இருந்தியா?” என்று கேட்டான். ஆசையாகத்தான் கேட்டான்.

“சோறு வடிச்சிக்கினு இருந்தேன். வடிச்சிட்டுத் துன்னேன்” என்றேன்.

“சூப்பர்க்கா” என்று போனை எடுத்தான்.

அன்று அவனுக்கு வலி அதிகமாயிற்று. மாத்திரை கொடுத்தேன். மறுநாள் டாக்டரிடம் போகலாம் என்றான். எலும்பு கூடுகிறபோது வலிக்கத்தான் செய்யும் என்றேன். அதற்கு மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் காய்ச்சலில் பிடித்துக்கொள்வானே, அந்த மாதிரி, கால் என்னுடையது மாதிரியே இல்லை அக்கா என்றான். வண்டி சொல்லியிருக்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னபோது நாள் போய்விட்டது.

திருப்பதி டாக்டர் நரம்பு செத்துவிட்டது, தசையும் போய்விட்டது என்றார். எலும்பு கூடிவிட்டது. பாதம் மட்டும் தொங்குகிறது. சினிமாவுக்கு வேறு ஆளைப் போட்டார்கள். நிகழ்ச்சிக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள், போனான். கமலக்காவாகவே மேடையில் நடந்தான். நான் டிவியில் பார்த்தேன். நடை அவ்வளவு சரியாக இருந்தது, மேடம். பாதம் தானாக விழுந்தது. நிகழ்ச்சி நடத்துகிற பெண் அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, “யாரும் சிரிக்கலக்கா” என்று மட்டும் சொன்னான்.

இப்போது ஊரே ரங்கையா மேல் பழி போடுகிறது. அவர் இது என் கட்டு இல்லை, யாரோ பிரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று உங்களிடம் வந்து அழுதாராம். அவர் சொல்வது சரி. ஸ்ரீஹரி உங்களிடம், எங்கள் அக்கா அப்படிச் செய்யவே மாட்டாள் என்று சத்தியம் செய்திருக்கிறான். அவனுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது என் நடைதான்.

நான்தான் பிரித்துக் கட்டினேன். தளர்ந்திருக்கிறது என்று அவனிடம் சொன்னேன், காலை நீட்டிக் கொடுத்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக, எலும்பின் மேலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. என் காலில் எத்தனையோ டாக்டர்கள் அந்த இடத்தை அழுத்திக் காட்டியிருக்கிறார்கள். அங்கே பத்தையைத் திருப்பி வைத்து இறுக்கினேன். தினமும் காலையில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஊக்கை எடுத்துப் பாதத்தில் குத்துவேன். தெரிகிறது என்று சொன்ன நாட்களில் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். நான் குத்திய பிறகும் எப்போது குத்தப்போகிறாய் அக்கா என்று அவன் கேட்ட அன்று, கட்டைத் தளர்த்திவிட்டேன். அதற்கு மேலும் வைத்திருந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு கொடுமை செய்ய எனக்கு மனசு வராது. அவன் நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னை அதிக நாள் வைத்திருக்காதீர்கள், மேடம். அவன் இப்போதுதான் அந்தக் காலோடு நடக்கப் பழகுகிறான். பின்னால் ஒட்டிக்கொண்டு நடக்க என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?