வெள்ளிமலை ஏறும் மேசை ரயில்

கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறி முறைக்கும் மன்றத் தலைவர் அரங்கநாதன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் கசங்கி வந்தும் களைக்காத தாய்மார்களே! வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த உறவுகளே! மோட்டார் காயில் கட்டும் காசிநாதனின் கனிந்த வணக்கம்!

ரயில் எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? இதோ, நம் மன்றத்துப் பொம்மை ரயில், என் முதுகுக்குப் பின்னால், மேசைமேல் நிற்கிறது. ஏன் நிற்கிறது? எஞ்சின் பழுதா? இல்லை! கரண்ட் இல்லையா? இருக்கிறது! பிறகென்ன? பக்தி, ஐயா, பக்தி!

மேசைமேல் அட்டையாலும் களிமண்ணாலும், உச்சியில் வெள்ளிமலை ஊரோடு, இந்தக் கல்வராயன் மலையைக் கட்டியெழுப்பியவர் நம் ஜெயம்மாள் அக்கா. இன்று ஆயுத பூஜை. எஞ்சினுக்குப் பொட்டு வைத்தார், சரி. வைத்த கை நின்றதா? சின்னசேலம் முதல் வெள்ளிமலை வரை தண்டவாளம் முழுக்கச் சந்தனம் பூசிவிட்டார்! தண்டவாளம் வழியாகத்தானே சக்கரத்துக்குக் கரண்ட் போகும்? காய்ந்த சந்தனத்தைத் தாண்டி எப்படிப் போகும்?

"இன்னாங்க பண்றது, சாமிக்கு வைக்காம வுட்டா தப்பாச்சே" என்று அந்த மூலையில் அழுகிறார். அழாதீங்க அக்கா!

தலைவரோ, "இன்னிக்கு ஓடலன்னா நாளைக்கே மேசைய பிரிச்சுடுங்க, கேரம் போர்டு போடணும்" என்று சொல்லிவிட்டார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை உழைப்பு! பிரிக்கலாமா? சத்தமாகச் சொல்லுங்கள், பிரிக்கலாமா? கேட்டீர்களா தலைவரே!

யாரப்பா அது, "பேச்ச கம்மி பண்ணுங்க" என்பது? நம் மன்றத்துத் தம்பி மாயவன் தண்டவாளச் சந்தனத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து முடிக்கும்வரை என் வாய் மூடாது! தூசு படிந்தால் துடைக்க வேண்டும். நூல் சிக்கினால் எடுக்க வேண்டும். எண்ணெய் ஒரு சொட்டு ஜாஸ்தியானாலும் வண்டி வழுக்கும். வாங்குவது எளிது, ஓட்டுவதல்லவா பாடு! நிஜ ரயில் சின்னசேலத்தைத் தொட்டுச் சேலம் போய்விடுகிறது. மலைக்கு வருகிறதா? வரவில்லை! நம் ரயில் வரும்! வளைவு வளைவாய் வரும்! வெள்ளிமலைக்கே வரும்!

மாயவா, முடிந்ததா?

"ஆச்சுங்க, கடைசி வளைவும் தொடச்சிட்டேன்!"

ஜெயம்மாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்க. கரண்ட் விடும் குமிழை நீங்களே திருப்புங்க. மெதுவா... அசையுது! அட, அசையுதய்யா! பாலம் தாண்டிடுச்சு! கொண்டை ஊசி வளைவு... திணறுது... ஏறுது, ஏறுது! வெள்ளிமலை! வெள்ளிமலை வந்தாச்சு!

கை தட்டுங்கள், கூரை அதிரத் தட்டுங்கள்! பொறுங்கள், தலைவர் எழுந்துவிட்டார். ஏதோ சொல்கிறார்.

"ஜெயம்மா, இன்னொரு வாட்டி வுடும்மா! யாரு தலயோ மறைச்சிடுச்சு, நான் செரியா பாக்கல!"

இனி என் பேச்சு யாருக்கு வேண்டும்? பொறுத்திருந்த பெருமக்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம். எல்லாரும் மேசைப் பக்கம் வாங்க!