நாலு விரற்கடை உயரம்

“ஹலோ... ஆங், சொல்லுங்கக்கா... ஆமா ஆமா, கிளம்பிட்டேன்... அட, வந்துட்டே இருக்கேன்க்கா... மாடு படுத்தா படுக்கட்டும், எழுப்பாதீங்க... பதறாதீங்க, வந்துட்டேன்னு வைங்க...”

மாட்டு டாக்டர் கிளம்பியிருந்தது பொய்யில்லை. அடுப்பை அணைத்து, மருந்துப் பையைத் தோளில் மாட்டி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட் வரைக்கும் கிளம்பி வந்திருந்தாள். அதற்கு மேல் போக வண்டி மனது வைக்கவில்லை. மூக்கை மட்டும் வெளியே நீட்டி மழையில் நனைந்துகொண்டு, தன் கூரை ஷெட் வாசல் சட்டத்தில் இடிக்க, ஜீப் நின்றது.

“ஒரு நிமிஷம்க்கா, லைன்லயே இருங்க...” என்று போனை உள்ளங்கையால் பொத்தினாள். “ஏங்க, என்ன நின்னுட்டீங்க?... இடிக்குதா? எது இடிக்குது?... கூரையா? அளந்தேன் அளந்தேன்னு குதிச்சீங்களே!”

கணவர் அளந்தது நிஜம். வாசல் உயரத்தையும் வண்டி உயரத்தையும் டேப் வைத்து அளந்து, நடுவில் ஒரு கையளவு இடம் இருப்பதை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் டயரை மாற்றினார். பெரிய டயர். அதற்குப் பிறகு வண்டி இன்றைக்கு வரை ஷெட்டை விட்டு வெளியே வந்ததில்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தவர்கள் யாரும் பழைய ஜீப் வாங்கிப் பார்த்ததில்லை. போன மழைக்காலத்தில் டாக்டரின் சின்னக் கார், இதே அக்கா வீட்டுக்குப் போகிற வழியில், வாய்க்கால் பாலம் தாண்டியதும் வரும் மண்பாதையில் சேற்றில் புதைந்து, டிராக்டர் கட்டி இழுக்கும்படி ஆனது. அது டாக்டருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கும் கணவருக்குத்தான் மானம் போய்விட்டது. ‘என் பொண்டாட்டி இனிமே எங்கயும் மாட்டிக்கக் கூடாது’ என்று காரைத் தள்ளிவிட்டு, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றைக் கொள்ளை மலிவாகப் பிடித்து வந்தார். லீவு நாளெல்லாம் ஷெட்டுக்குள்தான். ஸ்பிரிங் மாற்றி உயரம் ஏற்றினார். முன்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு பம்பர் வைத்தார். ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிட வேண்டும் என்று பக்கவாட்டில் ஒரு குழாய் ஏற்றினார். பக்கத்தில் ஆறு எதுவும் கிடையாது.

“ஹலோ, ஆங், இருக்கேன்க்கா... எங்கயா? இதோ... பாலத்துக்கிட்ட... ஆமா, பாலம் தாண்டப் போறேன்... சத்தமா? அது லாரி... பக்கத்துல ஒரு லாரி நிக்குது... நீங்க சொல்லுங்க, பனிக்குடம் உடைஞ்சு எவ்ளோ நேரமாச்சு?... அவ்ளோவா?... மாட்டுக்கு முதல் ஈத்து வேற... கால் தெரியுதா?... எத்தனை கால்?... நல்லாப் பாருங்க. ரெண்டு தெரியணும்...”

முகம் மாறிவிட்டது அவளுக்கு.

“ஒண்ணுதானா?... மூக்கு?... நாக்கு வெளிய தொங்குதா... சரி சரி... இல்லக்கா, ஒண்ணும் ஆகாது. இழுக்காதீங்க, அது மட்டும் வேணாம். யாரையும் இழுக்க விடாதீங்க...”

கன்றின் ஒரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. வெளியே போனைப் பிடித்துக்கொண்டிருக்கும் அக்காவுக்கு இருப்பதே இந்த ஒரு பசுதான். இப்படியே விட்டால் முதலில் கன்று போகும், அப்புறம் தாயும் போகும்.

“ஏங்க!” என்று மறுபடியும் போனைப் பொத்தினாள். “டயர்ல காத்தை இறக்குங்க... நாலுலயும்தான்!... எவ்வளவு இடிக்குது?... நாலு விரக்கடையா? இறங்கும், இறங்கும். அத்தையைக் கூப்பிட்டு உள்ள உக்கார வைங்க, ஸ்பிரிங் அமுங்கட்டும்... பக்கத்து வீட்டு டைலரையும் கூப்பிடுங்க... வெக்கமாவது மண்ணாவது, கூப்பிடுங்கன்னா!”

வால்வைத் திறந்ததும் பாம்பு சீறுவது போல ஷெட் முழுக்கச் சீறியது. மாமியார் குடையோடு வந்து சேர்ந்தார். வண்டியின் படி அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. முதலில் ஏற மாட்டேன் என்றார். அப்புறம் கனமான ஆள் வேண்டும் என்பதால்தான் கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும், ஏறவே மாட்டேன் என்றார்.

“அத்தை, கோவிக்காம ஏறுங்க... உங்களை யார் குண்டுன்னு சொன்னா?... இல்லத்தை, டைலரும்தான் ஏறுறாரு, அவர் என்ன குண்டா?... ஹலோ! ஆங்க்கா... யாரு கத்துறாங்களா? அது... வந்து... சிக்னல்ல சண்டை... ஆமா, பாலத்துக்குப் பக்கத்துலதான்...”

திடீரென்று காதில் போனை அழுத்திக்கொண்டாள்.

“என்னது?... பாலத்து வழியா இப்ப யாருமே வர்றதில்லையா?... புது வழியா?... எப்போ?... தார் ரோடா?” கடைசி வார்த்தைக்குக் குரல் தானாகத் தாழ்ந்தது. கணவர் பின் சக்கரத்தின் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தார். காற்று சீறும் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. அவள் ஷெட்டின் மூலைக்கு நகர்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“வாசல் வரைக்குமா?... போன வாரமே முடிச்சுட்டாங்களா... ஆட்டோகூட வருதா?... நல்லதுக்கா. ரொம்ப நல்லது.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை அவளுக்கு. ஒரு ஆட்டோ. அக்காவிடம் முதலிலேயே ‘வண்டி மாட்டிக்கிச்சு, ஆள் அனுப்புங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் பாதி வழி போயிருக்கலாம். வந்துகொண்டே இருக்கிறேன் என்பது அந்தத் தொழிலில் எல்லா டாக்டரும் சொல்வதுதான். சொன்னால் எதிர்ப்பக்கம் பயம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் கணக்கு. இன்றைக்கு அந்த வார்த்தையை நம்பி ஒரு பெண் தொழுவத்தில் எதையும் செய்யாமல் வாசலைப் பார்த்தபடி நிற்கிறாள்.

“அக்கா... ஒண்ணு சொல்றேன், கேளுங்க... நான் பாலத்துக்கிட்ட இல்ல... இல்லக்கா, தாண்டவும் இல்ல... வீட்டுலதான் இருக்கேன். வண்டி ஷெட்டுல மாட்டிக்கிச்சு...”

எதிர்ப்பக்கம் வெகுநேரம் பேசியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“ஆமா... ஆமாக்கா... திட்டுங்க, என் மேலதான் தப்பு... முதல்லயே சொல்லியிருக்கணும்... தெரியும்க்கா, சொல்லியிருந்தா ஆள் அனுப்பியிருப்பீங்க... இனிமே ஆட்டோ வந்து, நான் அங்க வந்து... கன்னு தாங்காது. அழாதீங்க. அழாதீங்கன்றேன்ல!... நான் சொல்றதைச் செய்வீங்களா?... நீங்கதான்... வேற யாரு இருக்கா? உங்க வீட்டு அண்ணனா? அவர் ரத்தத்தைப் பார்த்தாலே உக்காந்துடுவாரு... அப்ப நீங்கதான். வளையலைக் கழட்டுங்க... கழண்டு வரலையா? உடைங்க! உசுரு பெருசா, வளையல் பெருசா?”

அவள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் வண்டி மூச்சுவிட்டபடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாமியாரும் டைலரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

“சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும்... ஆங். போனை ஸ்பீக்கர்ல போட்டு அண்ணன் கையில குடுங்க. அண்ணே, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நில்லுங்க, அது போதும்... அக்கா, எண்ணெய் தடவிட்டீங்களா? இப்ப கையைக் குவிச்சு உள்ள விடுங்க... மாடு முக்குதா? முக்கும்போது நிறுத்துங்க... விட்டுடுச்சா? இப்ப கன்னோட நெத்தியில கையை வச்சு உள்ள தள்ளுங்க... ஆமா, உள்ளதான்! வெளிய வர வேண்டியதை உள்ள தள்ளச் சொல்றேனேன்னு பாக்காதீங்க, தள்ளுங்க... மெதுவா...”

அவளுடைய வலது கை, எதிரே மாடு இருப்பது போல வெறும் காற்றில் குவிந்து முன்னே போனது. வண்டிக்குள்ளிருந்து டைலர் எட்டிப் பார்த்தார்.

“இடம் கிடைச்சுதா?... இப்ப கழுத்தோரமா கீழ போங்க... உருண்டையா ஒண்ணு தட்டுப்படும்... அதான் முட்டி! அதேதான்க்கா! அதைப் பிடிச்சு மேல தூக்குங்க... இன்னும் கீழ குளம்பு இருக்கும், அதை உள்ளங்கைக்குள்ள மூடிக்கோங்க... முழுசா மூடணும், இல்லன்னா கருப்பையைக் கிழிச்சுடும்... வலிக்குதா? கை மரத்துப்போச்சா? தெரியும். விடாதீங்க... என் சாமி, விடாதீங்கக்கா... முன்னால கொண்டாங்க... வருதா?... வருதா?...”

பக்கத்தில் எஞ்சின் உறுமியது. கணவர் ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இஞ்சி இஞ்சாக வண்டியை முன்னே விட்டார். கூரை சட்டத்தின் கீழே ‘கிரீச்’ என்று முனகியது. அவள் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.

“ரெண்டு காலும் தெரியுதா?... ரெண்டுமா?... அடி என் தங்கமே! இப்ப கயிறு கட்டி இழுங்க... மாடு முக்கும்போது மட்டும்... நேரா இழுக்காதீங்க, மாட்டோட பின்னங்கால் பக்கமா, கீழ் வாட்டத்துல... அண்ணே, போனைக் கீழ வச்சுட்டு நீங்களும் பிடிங்க... கண்ணை மூடிக்கிட்டே பிடிங்க, பரவாயில்ல... ஹலோ?... ஹலோ?...”

கொஞ்ச நேரம் போனில் மனிதர்களே இல்லை. மூச்சும் வைக்கோல் சரசரப்பும் மட்டும்தான்.

“ஹலோ... வந்துடுச்சா?... என்ன, அசையலையா?... அக்கா, உக்காராதீங்க! மூக்குல கோழை இருக்கும், விரலை விட்டு வழிங்க... வைக்கோல் ஒண்ணை எடுத்து மூக்குக்குள்ள குத்துங்க... பாவம் பாக்காம குத்துங்க... சாக்கால நெஞ்சைத் தேய்ங்க... தேய்ங்க... இன்னும்...”

பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டபடியே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“தும்முச்சா... தும்மிடுச்சா... கேட்டுச்சுக்கா, எனக்கும் கேட்டுச்சு... கிடேரியா? பொட்டைக் கன்னா?... இருக்கட்டும், தாய் நக்கட்டும், விடுங்க... நானா? நான் என்ன செஞ்சேன், வாயாலதானே பேசினேன்... என்னது?... நான் வராததே நல்லதாப் போச்சா?” அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. “வந்திருந்தா நீங்க கையே வச்சிருக்க மாட்டீங்களா... அது சரி, அது சரி... நஞ்சுக்கொடி விழுந்துச்சான்னு பாக்க வரேன்... காலையில மெதுவா வந்தா போதுமா?... அவசரமே இல்லையா?... சரிக்கா. நல்லாத் தேய்ச்சு விடுங்க. வைங்க...”

லைன் அறுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஷெட் காலியாக இருந்தது. வெளியே கொட்டும் மழையில், நாலு டயரும் சப்பிப்போய், ஜீப் முழுசாக நின்றுகொண்டிருந்தது. மாமியாரும் டைலரும் இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கணவர் தொப்பலாக நனைந்து, காற்றடிக்கிற சின்ன மெஷினை முதல் சக்கரத்தில் மாட்டியிருந்தார். நெற்றியெல்லாம் கிரீஸ். பரீட்சை பேப்பர் வாங்க நிற்கிற பையன் மாதிரி அவள் முகத்தையே பார்த்தார்.

திட்டுவதற்கு அவளிடம் வண்டி வண்டியாக இருந்தது. தார் ரோடு ஒன்று போதும், வருஷம் முழுக்க வைத்துத் திட்டலாம். ஆனால் இந்த மனுஷன் இத்தனையும் கட்டியது அவள் ஒருத்தி சேற்றில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். கோபத்தை அவளால் இழுத்துப் பிடித்து வைக்க முடியவில்லை.

லைனில் யாரும் இல்லாத போனை மறுபடியும் காதில் வைத்தாள்.

“ஹலோ... ஆங், சொல்லுங்கக்கா... கன்னு நல்லா இருக்கா, சந்தோஷம்... நஞ்சுக்கொடி விழலையா? உடனே வரணுமா?” குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். “பாதையெல்லாம் ஒரே சேறா?... சின்ன வண்டி எதுவும் வர முடியாதா?... அப்படியா... கவலையே படாதீங்கக்கா, எங்க வீட்டுல ஒரு வண்டி இருக்கு... ஆமா, அவர்தான் ஓட்டிட்டு வரார்... காத்து அடிச்சு முடிச்சதும் கிளம்பிடுறோம்... இல்லல்ல, வேற வழியே வேணாம். பாலத்து வழியாவே வரோம்.”