கட்டுரைக்கு ஒரு கவலை

வெள்ளவத்தையில் ரயில் ஏறிய தாயும் மகளும் எனக்கு எதிரே, கடல் பக்கமாக உட்கார்ந்தார்கள்.

"அமெரிக்கன் கொலிஜில இடம் கேட்டு அனுப்புற கட்டுரையில ஒரு கவலை இருந்தா நல்லமாம், அம்மா. எனக்கு ஒண்டும் இல்லையே."

"என்ரையை எடுத்து எழுதன்."

"உங்களுக்கென்ன கவலை?"

"எனக்கும் கம்பஸில படிக்க இடம் கிடைச்சது. சண்டைக்குள்ள பாதையைப் பூட்டிப்போட்டாங்கள், போகேலாமப் போச்சு."

மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை நான் எழுதமாட்டன். அது உங்கட. என்ன படிக்க இருந்தனீங்க?"

"கடற்பாசி." தாய் வெட்கத்தோடு சிரித்தார். "அங்க பார், அலை விலகேக்க கல்லில பச்சையாத் தெரியுதே. அது தண்ணிக்குள்ள மூச்சு விடும், தெரியுமே?"

கொள்ளுப்பிட்டி வந்தது. இறங்குவதற்காக இருவரும் எழுந்தார்கள்.

"சொல்லுங்கோ," என்றாள் மகள்.

இருவரும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.