அண்டா எங்க சுத்துது?

மாதவராஜ்: ...கேக்குதுங்களாண்ணே? பெங்களூர்ல இருந்து எங்க விளம்பரக் கம்பெனி மேடமும் லைன்ல இருக்காங்க. நான் உங்க பிரியாணிக் கடைக்கு எதிர்ல, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு போனைத் தூக்கிப் புடிச்சிருக்கேன். செல்லு வழியாப் பாத்தா மட்டும் தெரியற மாதிரி மேப்புல நாங்க வெச்ச பிரியாணி அண்டா உங்க கூரைக்கு மேல ஜம்முனு சுத்துது.

மாரியப்பன்: போனைத் தூக்கிப் புடிச்சிருக்கறீங்க... அப்ப எதுலங்க பேசறீங்க?

மாதவராஜ்: ப்ளூடூத்துண்ணே.

மாரியப்பன்: ஓ. எந்தக் கூரை மேலங்க சுத்துது?

மாதவராஜ்: உங்க கூரைதான். பாப்பாரப்பட்டி பழைய ரோட்டுல. கடைக்குள்ள நின்னு செல்லுல நம்ம ஆப்பைத் தொறந்து பச்சைப் பட்டனை அமுக்குங்க, அமுக்குன எடத்துல அண்டா நிக்கும்னு பத்து நாளைக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனேன்ல? இதுக்குப் பேரு இம்மெர்சிவ் எக்ஸ்பீரியன்ஸ். நெச ஊருக்கு மேல இன்னொரு ஊரு.

மாரியப்பன்: இருக்கற ஊருலயே பஸ்சு நிக்க மாட்டேங்குது...

மாதவராஜ்: அண்ணே, மேடம் கேக்கறாங்க. கஸ்டமருக்குத் திருப்தின்னு உங்க வாயால சொன்னா அண்டா இருக்கும். இல்லைன்னா இன்னைக்கே எடுத்துருவாங்க.

மாரியப்பன்: எடுத்துருவாங்களா... ஒரு நிமிசம் இருங்க, அடுப்புல பொங்குது. ரேவதி, இங்க வா. போனைப் பொத்திக்கிட்டேன். உன் செல்லைத் தூக்கிப் பாரு, அண்டா இருக்குதா?

ரேவதி: அது எங்க போவுது? முனியப்பன் சாமி மீசைக்கு மேலதான் சுத்துது. காலையில இருந்து அதைப் பாத்துத்தானே இத்தனை பேரு வந்தாங்க.

மாரியப்பன்: அங்க நம்ம கடை மேல சுத்துதாம்.

ரேவதி: ரெண்டு அண்டாவா? நீங்க ஒண்ணுக்குத்தானே கையெழுத்து போட்டீங்க?

மாரியப்பன்: மெதுவாப் பேசு. பட்டனைக் கோயில்ல வெச்சு அமுக்குனது அந்தத் தம்பிக்குத் தெரியாது.

ரேவதி: வண்டிச் சாவியை முனியப்பன் காலடியில வெக்கல? கல்யாணப் பத்திரிகையை வெக்கல? பட்டன் மட்டும் என்ன ஒசத்தி?

மாதவராஜ்: அண்ணே... யாரு கூடப் பேசறீங்க?

மாரியப்பன்: மாஸ்டர் கூடங்க. கடையில கூட்டம்.

மாதவராஜ்: அதான் மேடம், கண்ணால பாக்கறேன். உள்ள இருபது பேரு உக்காந்து சாப்பிடறாங்க. வெளிய ஆறு பேரு நிக்கறாங்க.

மாரியப்பன்: இருபது பேரா... என் கடையிலயா? ரேவதி, போனைப் பொத்திக்கிட்டேன், கடைச் சாவி எங்க?

ரேவதி: என் இடுப்புல. பூட்டி ஒம்போது நாளாச்சே, எவன் தொறந்தான்?

மாரியப்பன்: இருபது பேரு சாப்பிடறாங்களாம்.

ரேவதி: சரி, ஆக்கிப் போடறது யாரு?

மாதவராஜ்: அண்ணே, மேடம் வெயிட் பண்றாங்க. திருப்தியா, இல்லையா?

மாரியப்பன்: ரொம்பத் திருப்திங்க மேடம். பைபாஸ் வந்ததுல இருந்து ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். இப்ப மத்தியானத்துக்குள்ள சோறு காலி. அண்டாவை மட்டும் நவுத்திராதீங்க. இருக்கற எடத்துலயே இருக்கட்டும்.

மாதவராஜ்: கேட்டீங்களா மேடம்... தேங்க்யூ மேடம்... சரிங்க மேடம்... அப்பாடா. மேடம் போயிட்டாங்கண்ணே. என் வேலை தப்பிச்சுது.

மாரியப்பன்: இப்பச் சொல்லுங்க தம்பி. அந்த இருபது பேரு யாரு?

மாதவராஜ்: எந்த இருபது பேரு?

மாரியப்பன்: கடை பூட்டிக் கெடக்குதுங்க. நான் பட்டனை அமுக்குனது ஏரிக்கரை முனியப்பன் கோயில்ல. அண்டாவைப் பாத்து வந்த நாலு பேரு, சோறு எங்கன்னு மொத நாளே பூசாரியைப் புடிச்சுக்கிட்டாங்க. மறுநாளு அடுப்பை இங்கயே கொண்டாந்துட்டேன். நீங்க எங்க நிக்கறீங்க?

மாதவராஜ்: ...தருமபுரி பஸ் ஸ்டாண்டுலண்ணே. டீக்கடையில.

ரேவதி: பாவம், வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க.

மாரியப்பன்: பாப்பாரப்பட்டி பஸ் ஏறி வாங்க தம்பி. எறங்குனதும் செல்லைத் தூக்கிப் புடிங்க. அண்டா எங்க சுத்துதோ, அதுக்கு நேர் கீழதான் நிக்கறோம்.

மாதவராஜ்: அது... அந்த ஆப்பு என் போன்ல ஓடாதுங்கண்ணே. இதுவரைக்கும் அண்டாவை நான் பாத்ததே இல்ல. எறங்கி எந்தப் பக்கம் திரும்பணும்னு வாயாலயே சொல்லிருங்க.