மாஸ்டர் பீஸ்

வெங்கடம்மா: கைய விடுடா ரத்தினவேலு. நோயாளி நானு, உனக்கு எதுக்கு இப்பிடி வேர்க்குது?

ரத்தினவேல்: ஓசூர்லருந்து பெங்களூரு வரைக்கும் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்ல...

வெங்கடம்மா: சன்னலோரம் உக்காந்து தூங்கிட்டு வந்த.

ரத்தினவேல்: மெதுவாப் பேசுக்கா. கம்பெனி சூப்பர்வைசர் நான், என்கிட்டப் போயி...

வெங்கடம்மா: மூக்கண்டப்பள்ளி பூரா சொல்லி வெச்சியே! “அக்காவுக்கு மனசு சரியில்ல. மூளைக்குள்ள சேதி கொண்டுபோற வெள்ளை நரம்பு எங்க கெட்டிருக்குன்னு ஸ்கேன்ல பாக்கப்போறாங்க. ஒத்துப் பாக்க என் மூளையக் கேட்டிருக்காங்க”ன்னு.

ரத்தினவேல்: பின்ன? கம்பெனில மாஸ்டர் பீஸ்னு ஒண்ணு வெச்சிருப்போம். குறையே இருக்காது. மத்ததையெல்லாம் அதோட ஒத்துப் பாத்துத்தான் பாஸ் பண்ணுவோம்.

வெங்கடம்மா: சரி, மாஸ்டர் பீஸே மொதல்ல போவட்டும்.

ரத்தினவேல்: ஐயோ, நீ போக்கா! உள்ள பிரஸ் மிசின் மாதிரி இடிக்குது... அதுல தலைய வெச்சா நெனைக்கிறதெல்லாம் படத்துல வந்துருமா?

வெங்கடம்மா: நெனப்பு வராது. நரம்பு மட்டுந்தான்.

மாதப்பன்: ரத்தினவேல் யாருங்க? நான் ஸ்கேன் ரூம் ஆளு. மோதிரம், தாயத்து எல்லாம் கழட்டுங்க. கண்ணுல இரும்புத் தூள் எதுவும் பட்டிருக்கா? உள்ள இருக்கறது காந்தம். தூள் இருந்தா கண்ணே போயிரும்.

ரத்தினவேல்: பட்டிருக்குங்க! நெறைய! நான் இரும்பு தேய்க்கிற கிரைண்டிங் மிசின் ஓட்டறவன்.

வெங்கடம்மா: அட! வேலைக்குச் சேந்த நாள்லருந்தே சூப்பர்வைசர்னு பொண்ணு பாக்கப் போன வீட்ல சொன்ன?

ரத்தினவேல்: ...இன்னிக்கும் கிரைண்டிங்தான்க்கா.

மாதப்பன்: அப்ப கண்ணை எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. தூள் இல்லேன்னா உள்ள விடறேன். நான் அடுத்த ஆளப் பாக்கறேன்.

ரத்தினவேல்: அக்கா... வா, ஊருக்குப் போயிரலாம்.

வெங்கடம்மா: தப்பிக்கப் பாக்கறியா?

ரத்தினவேல்: ஒத்துப் பாக்கறப்ப... மாஸ்டர் பீஸே ரிஜெக்ட் ஆயிட்டா?

வெங்கடம்மா: டாக்டர் நல்ல மூளை கேக்கலடா. “கூடப் பொறந்தவங்க யாருக்காவது உங்களாட்டம் ஆளில்லாம குரல் கேக்குதா?”ன்னு கேட்டாரு. நான் உன் பேரக் குடுத்தேன்.

ரத்தினவேல்: அக்கா!

வெங்கடம்மா: பாத்ரூம்ல குழாயத் தொறந்துவிட்டுட்டு நீ யாருக்குப் பதில் சொல்றேன்னு எனக்குத் தெரியாதா?

ரத்தினவேல்: ...பேர் சொல்லிக் கூப்புடுதுக்கா. பேசாம இருந்தா திட்டுது. உனக்கு மாத்திரைல நின்னுடுச்சு இல்ல? எனக்கும் நின்னுடும்ல?

வெங்கடம்மா: நின்னுடுச்சுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன்டா. நிக்கல... நான்தான் பதில் சொல்றத நிறுத்திட்டேன்.